காட்டுத் திராட்சை மை

சகோதரிகளே, இந்த இதழில் ஊறுகாய் ஜாடிகளைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். ஜாடி எங்கே போய்விடப் போகிறது? அடுத்த இதழுக்கு அது காத்திருக்கட்டும். கோபிசெட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்துக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. வீட்டில் இரண்டரை வயசுக் குழந்தை இருக்கிறதே! பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் வேண்டியதை மட்டும் தருகிறேன்:

"எங்க அண்ணன் ஜப்பான்ல வேலையா இருக்காங்க. லீவுல வந்தப்ப எனக்குன்னு ஒரு இங்க் பேனாவும், அதே கலருக்குப் பொருத்தமா ஒரு மைப் பாட்டிலும் வாங்கிட்டு வந்தாங்க. மைக்கு 'யாமா-புதோ'ன்னு பேராம். காட்டுத் திராட்சைன்னு அர்த்தமாம். எங்க பாப்பா அதைப் பார்த்துட்டு 'ஜூஸ், ஜூஸ்'னு ஒரே அழுகை. அத்தை, 'பழத்துல செஞ்ச மைதானே, நாக்குல பட்டா ஒண்ணும் ஆகாது'ங்கறாங்க. நிஜமாங்க? இன்னொண்ணுங்க. பால் கணக்கும் மளிகை லிஸ்டும் எழுதற எனக்கு எதுக்குங்க இவ்வளவு ஒசந்த பேனா? காலேஜ் போற கொழுந்தனுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். பேனாவுல மை ஊத்தறப்ப பாப்பா பாவாடையில கொஞ்சம் கொட்டிடுச்சு, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க."

முதலில் உங்கள் அத்தைக்குப் பதில். அவர்கள் மேல் குற்றமே இல்லை. பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் பழமும் இல்லை, பழச்சாறும் இல்லை. தண்ணீர், அதில் கரைகிற செயற்கைச் சாயம், மை சீக்கிரம் காய்ந்து போகாமல் இருக்க ஒரு ஈரப் பொருள், பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து, இவைதான் இந்த மாதிரி மையின் சேர்மானம். திராட்சையைப் பார்த்து நிறத்தைக் கூட்டினார்களே தவிர, திராட்சையைப் பிழிந்து எடுக்கவில்லை.

"நிஜப் பழச்சாற்றையே ஊற்றினால் என்ன?" என்று கேட்கலாம். நாவல் பழக் கறையை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் அழகான ஊதா. வெயிலில் கிடந்தால் வெளுத்துப் பழுப்பாகிவிடும். சாற்றில் சர்க்கரை இருக்கிறது, புளிக்கும், பூசணம் பூக்கும். இங்க் பேனாவின் நிப்பில் நடுவே ஓடுகிற கீறல் தலைமுடி பருமன்தான். அதில் சர்க்கரைப் பிசின் ஏறிவிட்டால் பேனாவுக்கு ஆயுசு முடிந்தது. அதனால்தான் கெட்டுப் போகாத சாயமும் மருந்தும் சேர்க்கிறார்கள். கெட்டுப் போகாமல் இருக்க எதைச் சேர்த்தார்களோ, அதனாலேயே அது வாயில் வைக்கும் பொருள் இல்லை என்று ஆகிவிடுகிறது.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். விரலில் பட்ட மையைக் குழந்தை ஒரு தடவை நக்கிவிட்டது என்றால், பெரும்பாலும் நாக்கு ஊதாவாவதோடு சரி. வாயை ஈரத் துணியால் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்துவிட்டது, அல்லது எவ்வளவு குடித்தது என்றே தெரியவில்லை, இருமுகிறது, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து படுக்கிறது என்றால் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, தொண்டையில் விரலை விடுவது, இதெல்லாம் நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. கூடவே கூடாது. உப்புத் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு மையைவிடப் பெரிய ஆபத்து. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் விஷத் தகவல் மையம் ஒன்று இரவு பகலாக இயங்குகிறது. உங்கள் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

உண்மையைச் சொன்னால், எனக்கு மையைவிடப் பேனாவின் மூடியைப் பற்றித்தான் கவலை. மூடி, மை அடைத்து வருகிற சின்னக் குழாய், இரண்டும் குழந்தையின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கான சாதாரணப் பேனாக்களின் மூடியில் சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தப்பித் தவறி விழுங்கினாலும் மூச்சு போக வழி இருக்கட்டும் என்பதற்கு அது. உயர்ந்த மைப் பேனாவில், நிப் காயக் கூடாது என்பதற்காக மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கும், ஓட்டை இருக்காது. அப்புறம் அந்த நிப்பின் கூர். கண் மட்டத்தில் நிற்கிற குழந்தையின் பக்கத்தில் திறந்த பேனாவை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள். மை கண்ணில் தெறித்தால் கசக்காமல், சுத்தமான தண்ணீரை 15 நிமிஷம் விட்டுக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

அலமாரியில் குழந்தை பார்க்கிற தட்டில் பாட்டில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து வைக்கிற உயரமான பூட்டு அலமாரிக்கு அதை மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் வேறு பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். முக்கியமாகப் பழைய டானிக் பாட்டில், ஜாம் பாட்டில். "ஜூஸ் இல்லை, மை" என்று பாப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். அந்த வயசில் சொன்னால் புரியும், ஆனால் ஞாபகம் நிற்காது. பூட்டுத்தான் நிற்கும்.

இனிப் பேனாவைப் பற்றிப் பேசலாம். அதைக் கொழுந்தனுக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் கைக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

'யாமா-புதோ' மையை வெளியிட்டது பைலட் என்கிற ஜப்பான் கம்பெனி. 1918-ல் தொடங்கியது. 2007-ல் 'இரோஷிசுகு' என்று ஒரு மை வரிசையைக் கொண்டு வந்தார்கள். 'இரோ' என்றால் நிறம், 'ஷிசுகு' என்றால் துளி. நிறத் துளி! தங்கள் நாட்டு மலை, மழை, பூ, பழம், சாயங்கால வானம் என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தவை சாப்பாட்டுப் பெயர்கள். 'யாமா-குரி' என்றால் மலைக் கஷ்கொட்டை, ஆழ்ந்த பழுப்பு. அங்கே இலையுதிர் காலத்தில் கஷ்கொட்டையை அரிசியோடு போட்டுச் சாதம் வடிப்பார்கள். 'இனா-ஹோ' என்றால் முற்றித் தலை சாய்ந்த நெற்கதிர், அதன் மங்கிய பொன் நிறம். காட்டுத் திராட்சையோ மலைக்காட்டில் கொடியாகப் படர்வது. கடைத் திராட்சையைவிடச் சின்னது, புளிப்பு. சாறாக்குவார்கள், ஜாம் செய்வார்கள். கொடியின் பட்டையை உரித்துக் கூடை முடைவார்கள். அந்தக் கூடை தலைமுறை தாண்டி உழைக்கும், விலையும் நம் பட்டுப் புடவை விலைக்குப் போகும்.

ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ட்சுகுஷி' என்று ஒரு செம்பழுப்பு மை. ட்சுகுஷி என்பது வசந்தம் பிறந்ததும் வரப்பு ஓரங்களில், ஆற்றங்கரைகளில் விரல் நீளத்துக்கு மண்ணைப் பிளந்துகொண்டு வருகிற ஒரு தண்டு. இலை கிடையாது, பூ கிடையாது, நுனியில் ஒரு குவிந்த தலை மட்டும். பார்ப்பதற்கு எழுதுகிற தூரிகை மாதிரியே இருக்கும். அதனால் ஜப்பானியர்கள் அதை எழுதும்போது 'மண்', 'தூரிகை' என்று இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து எழுதுகிறார்கள். மண் எழுதுகிற தூரிகை! தூரிகையைப் பார்த்துக் கீரைக்குப் பெயர் வந்தது. அந்தக் கீரையைப் பார்த்துப் பேனா மைக்குப் பெயர் வந்தது.

அதைச் சமைக்கிற விதமும் நமக்குப் புதிதில்லை. தண்டில் கணுவுக்குக் கணு முரட்டுச் செதிள் ஒன்று பாவாடை மாதிரி சுற்றியிருக்கும். அங்கே அதற்கு 'ஹகாமா' என்றே பெயர். ஆணும் பெண்ணும் விசேஷத்துக்கு உடுத்துகிற கொசுவம் வைத்த உடுப்பின் பெயர் அது. ஒவ்வொன்றாக உரித்து எடுக்க வேண்டும். வீட்டுப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே உரிப்பார்கள். முடிக்கும்போது விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். வாழைப்பூ ஆய்ந்த கை எப்படி இருக்குமோ அப்படித்தான். பிறகு வேகவைத்து நீரை வடித்து, சோயா சாஸில் புரட்டி, சிலர் முட்டை ஊற்றி இறக்குவார்கள். லேசான கசப்பு. பருவத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை ருசி பார்ப்பதுதான் வழக்கம். தினமும் தின்கிற கீரை இல்லை.

சேலர் என்று இன்னொரு பேனாக் கம்பெனி. 1911-ல் ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் கூரே என்கிற துறைமுகத்தில் தொடங்கியது. அவர்கள் 'மன்யோ' என்று ஒரு மை வரிசை போட்டார்கள். ஜப்பானின் மிகப் பழைய பாட்டுத் தொகுப்பு 'மன்யோஷூ', 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முதல் பாட்டே, கூடை எடுத்துக்கொண்டு குன்றில் கீரை பறிக்கும் பெண்ணிடம் ஓர் அரசன் பேர் கேட்பதாக அமைந்தது. அந்த மை வரிசையில் 'யோமோகி' உண்டு. மாசிப்பத்திரி இனத்துச் செடி, அதன் இளம் தளிரை அரைத்து அரிசி மாவில் பிசைந்து பச்சைக் கொழுக்கட்டை செய்வார்கள். 'குஸு' உண்டு, அதன் கிழங்கிலிருந்து எடுக்கிற மாவை வெந்நீரில் கிளறி, ஜலதோஷம் பிடித்தவர்களுக்குக் கொடுப்பார்கள். நாம் வயிற்றுப்போக்குக்குக் கூவைக்கிழங்குக் கஞ்சி காய்ச்சுவோமே, அந்த மாதிரி.

பேனாக்காரர்களுக்குக் கீரை மேல் என்ன இவ்வளவு ஆசை? அந்த ஊர் அடுப்பங்கரையே பருவத்தை வைத்துத்தான் நடக்கிறது. ஜனவரி 7-ந் தேதி ஏழு வகை இளம் கீரை போட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். புது வருஷ விருந்து சாப்பிட்டுக் களைத்த வயிற்றுக்கு அது மருந்து. எந்த மாசம் எது துளிர்க்கும் என்பது வீட்டுப் பெண்ணுக்கு அத்துப்படி. நமக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. புடவைக் கடையில் போய் 'ஊதா' என்றா கேட்கிறோம்? "கத்தரிப்பூ கலர் எடுங்க, வெங்காயத்தோல் கலர் எடுங்க, மாந்தளிர்ல இருக்கா?" என்றுதானே கேட்கிறோம்? வெங்காயத்தோல் நிறப் புடவையில் வெங்காயச் சாயமா இருக்கிறது? அதே கதைதான்.

இதில் வேடிக்கை, ஜப்பானிலும் இது ஆயிரம் வருஷத்துக் கதை. அரண்மனைப் பெண்கள் விரும்பி உடுத்திய செவ்வூதாப் பட்டுக்கு அந்தக் காலத்தில் 'எபிஸோமே' என்று பெயர். திராட்சைச் சாயம் என்று பொருள். ஆனால் 927-ல் தொகுத்து முடித்த 'எங்கிஷிகி' என்கிற அரசாங்க விதிப் புத்தகத்தில் அந்தச் சாயத்துக்கு என்ன பக்குவம் சொல்லியிருக்கிறது தெரியுமா? 'முராசாகி' என்ற செடியின் வேர், காடி, சாம்பல். திராட்சையே கிடையாது! ஆக, உங்கள் அத்தை ஒருவர் மட்டும் ஏமாறவில்லை.

அந்தத் திராட்சைச் சாயப் பட்டை, மனசுக்கு நிறைவான அழகுப் பொருள்களில் ஒன்றாக எழுதி வைத்தவர் ஒரு பெண். செய் ஷோனகோன் என்று பெயர். தெய்ஷி என்ற மகாராணியிடம் தோழியாக இருந்தவர். 1000-ம் வருஷத்தை ஒட்டி 'தலையணைப் புத்தகம்' என்ற நூலை எழுதினார். அந்த நூல் பிறந்த கதையை அவரே கடைசியில் சொல்கிறார். மகாராணிக்கு ஒரு கட்டு நல்ல காகிதம் பரிசாக வந்தது. அந்தக் காலத்தில் காகிதம் என்றால் பொன் மாதிரி. "இதில் என்ன எழுதலாம்?" என்று மகாராணி கேட்க, "தலையணையாக வைத்துக்கொள்ளலாம்" என்கிற மாதிரி இவர் ஏதோ சொல்ல, "அப்படியானால் நீயே எடுத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டார். அப்புறம் அந்தம்மாள் எழுதியது ராஜ்ய விவகாரம் இல்லை. பிடித்தது, பிடிக்காதது, எரிச்சல் வந்தது, குழந்தை தவழ்ந்து வரும்போது தரையில் கிடக்கிற துளித் தூசியைச் சின்ன விரலால் எடுத்துப் பெரியவர்களிடம் காட்டுவது, இப்படி வீட்டுக்குள் கண்ணில் பட்டதுதான். இன்றைக்கும் உலகம் படிக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு பெண்மணி முராசாகி ஷிகிபு. 'கென்ஜியின் கதை' எழுதியவர். அவருடைய நிஜப் பெயர் என்ன என்று எந்த ஏட்டிலும் நிச்சயமாக இல்லை. ஆனால் மணி மணியாக ஊதாக் காய் காய்க்கிற ஒரு புதருக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் புதரின் நிறத்தில் பைலட் கம்பெனி ஒரு மையே போட்டது. அதற்கும் பெயர் 'முராசாகி-ஷிகிபு'தான்.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், பால் கணக்கும் மளிகை லிஸ்டும் எழுதுகிறவளுக்கு எதற்கு என்று. நான் கேட்கிறேன், உங்கள் வீட்டில் தினமும் எழுதுகிறவர் யார்? பால்காரருக்கு எத்தனை லிட்டர், பாப்பாவுக்கு அடுத்த தடுப்பூசி எப்போது, கேஸ் எப்போது வந்தது, சீட்டுப் பணம் எவ்வளவு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய், எல்லாம் யார் கையெழுத்து? அப்படி எழுதுகிற கைக்குக் கிடைப்பது பிள்ளைகள் தூக்கிப் போட்ட முனை மழுங்கிய பால்பாயிண்ட், இல்லையென்றால் காலண்டரில் கட்டித் தொங்கவிட்ட பென்சில் துண்டு. உங்கள் அண்ணன் பேனாவை உங்களுக்கென்று வாங்கி வந்தார். கொழுந்தன் கேட்டாரா? கடிதத்தில் அப்படி இல்லை. கேட்காதவருக்கு வலியப் போய்க் கொடுப்பதற்கு முன், ஒரு மாசம் நீங்களே எழுதிப் பாருங்கள் என்கிறேன். அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும். பால்பாயிண்டை அழுத்தினால்தான் எழுதும். மைப் பேனாவை அழுத்தவே வேண்டாம், காகிதத்தில் சும்மா வைத்தால் போதும். தையலும் கரண்டியுமாக விரல் மூட்டு வலிக்கிறவர்களுக்கு இது பெரிய உபகாரம். நிப்புக்கு அடியில் கறுப்பு நாக்கு ஒன்று இருக்கிறதே, அதில் நுட்பமான வாய்க்கால்கள் வெட்டியிருப்பார்கள். மை கீழே இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று மேலே போகும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற அதே தத்துவத்தில் கீறல் வழியாக மை நுனிக்கு வருகிறது. அழுத்தினால் நிப்பின் இரண்டு காலும் அகன்று கெட்டுப் போகும், அவ்வளவுதான் லாபம்.

உங்கள் பேனாவின் நிப் தங்கமா, எஃகா என்று எழுதவில்லை. நிப் மேலேயே பொறித்திருக்கும். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்குக்குச் சற்று மேல் தங்கம். சேலர்க்காரர்கள் 21 காரட்டிலும் நிப் செய்கிறார்கள். தங்கம் என்பதால் எழுத்து அழகாகிவிடாது, நிச்சயம். காகிதத்தில் உராய்கிற நுனியில் எப்படியும் வேறு ஒரு கடினமான உலோகப் பொட்டுத்தான் இருக்கும். நல்ல எஃகு நிப்பே வீட்டுக்குத் தாராளமாகப் போதும். 'எஃப்' என்று போட்டிருந்தால் மெல்லிய எழுத்து. சின்னக் கட்டத்துக்குள் கோடு கோடாக எழுத வேண்டிய எழுத்து அவர்களுடையது, அதனால் ஜப்பான் நிப்புகள் ஐரோப்பிய நிப்பைவிட மெலிதாகவே எழுதும். சாதாரண நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவாமல் இருக்க அது நமக்கும் சௌகரியம்.

பராமரிப்பு ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, மை மாற்றும்போதெல்லாம், பச்சைத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி வெளியே விட்டுத் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். வெந்நீர், சோப்பு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். நாள்கணக்கில் எழுதவில்லை என்றால் உள்ளே மை காயும். எப்போதாவது எழுதுகிறவர்களுக்காகவே பிளாட்டினம் என்ற மூன்றாவது கம்பெனி 2011-ல் ஒரு பேனா கொண்டு வந்தது. மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு மூடி, வருஷக்கணக்கில் காயாது என்கிறார்கள். பேனாவின் பெயர் '3776', ஃபூஜி மலையின் உயரம் மீட்டரில்! மை அடைத்த குழாய் வாங்கும்போது கவனம்: ஒரு கம்பெனிக் குழாய் இன்னொரு கம்பெனிப் பேனாவில் உட்காராது. உங்களுக்குத்தான் பாட்டில் இருக்கிறதே. பெரிய பாட்டிலாக இருந்தால் 50 மில்லி. ஒரு தடவை நிரப்ப அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரைதான் பிடிக்கும், வருஷக்கணக்கில் வரும். பாட்டிலின் அடியில் நடுவில் ஒரு குழி இருக்கும். கடைசி மை அங்கே வந்து சேரும், நிப்பை அதில் வைத்து உறிஞ்சலாம். சிக்கனக்காரர்கள்!

அதே பிளாட்டினம் 2017-ல் 'சிட்ரஸ் பிளாக்', 'கஸிஸ் பிளாக்' என்று பழப் பெயர்களில் வேறு மாதிரி மைகளைப் போட்டது. சிட்ரஸ் பிளாக் எழுதும்போது எலுமிச்சை மஞ்சளாக இருந்து, காயக் காயக் கறுக்கும். மாயமில்லை. நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கினால் கறுத்துப் போகிறதே, அதே துவர்ப்பும் இரும்பும் சேர்கிற சமாச்சாரம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் ஊரில் மை காய்ச்சினார்களே, அந்த ஜாதி. இப்படிப்பட்ட மையைப் பேனாவில் தங்க விடாமல் அடிக்கடி கழுவ வேண்டும்.

யாமா-புதோ அந்த ரகம் இல்லை. தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். ஆகவே தடுப்பூசி அட்டை, செக், பத்திரம் எதிலும் அதைத் தொடாதீர்கள். அதற்கெல்லாம் பால்பாயிண்டே சரி. கணக்கு நோட்டு, கடிதம், சமையல் குறிப்பு நோட்டு எல்லாவற்றுக்கும் திராட்சை மை நன்றாக இருக்கும். சமையல் நோட்டை மட்டும் ஈரக் கையோடு தொடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: தூரிகையால் எழுதுகிற 'சுமி' மையை அண்ணன் அடுத்த தடவை வாங்கி வந்தால் இந்தப் பேனாவில் ஊற்றிவிட வேண்டாம். எண்ணெய் விளக்குக் கரியைப் பசையில் குழைத்தது அது, நம் கண்மை மாதிரி. ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும்.

பாவாடைக்கு வருகிறேன். கறையைத் தேய்க்காதீர்கள், பரவும். பழைய வெள்ளைத் துணியைக் கறைக்கு அடியில் வைத்து, மேலிருந்து ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். அடித் துணியை மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஒற்றியது போதும் என்று தெரிந்ததும், பின் பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைக் கறையின் மேல் விடுங்கள். நிறம் இறங்குவது நிற்கும் வரை பச்சைத் தண்ணீர்தான். சோப்பு அதற்குப் பிறகு. வெந்நீரோ இஸ்திரிப் பெட்டியோ பட்டால் மிச்சச் சாயம் நூலில் உட்கார்ந்துவிடும். முழுவதும் போகும் வரை வெயிலில் காயப் போடாமல், ஈரத்தோடேயே மறுபடி ஒரு தடவை செய்யுங்கள். பருத்தியில் பெரும்பாலும் போய்விடும். பட்டுப் பாவாடையாக இருந்தால் நீங்கள் கை வைக்காமல் சலவைக் கடையில் கொடுத்து, 'பேனா மை' என்று சொல்லிக் கொடுங்கள். திராட்சை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் பழக் கறைக்கான மருந்தைப் போட்டுவிடப் போகிறார்!